அச்சு வேண்டாத அன்னாசி தார்ட்

தீபாவளி நெருங்கினால் ஜொகூரில் எங்கள் ரெங்கம் பக்கம் அன்னாசி ஜாம் கிண்டும் வாசனை தெருவுக்கே வந்துவிடும். அந்த ஜாம் வைத்த நெனாஸ் (அன்னாசி) தார்ட்டுக்கு மணிக்கணக்கில் அடுப்படியில் நிற்க வேண்டும். இது அப்படியில்லை. மாவைத் தேய்த்து, நடுவில் பழத்தைப் பரப்பி, ஓரத்தைக் கையால் மடித்து ஓவனில் வைத்தால் போதும். ஓரம் கோணலாக இருந்தால்தான் இதற்கு அழகு.

நம் ஊரில் இதற்கு முதல் எதிரி வெயில். பிற்பகலில் 32, 33 டிகிரி. பட்டர் உருகுவதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். பட்டர் துணுக்குத் துணுக்காக மாவுக்குள் இருந்தால், அதிலுள்ள தண்ணீர் ஓவனில் ஆவியாகி மாவை ஏடு ஏடாகத் தூக்கும். பிசையும்போதே உருகிவிட்டால் ஏடு வராது. முதல் தடவை மதியம் 2 மணிக்குப் பிசைந்தேன், தட்டெல்லாம் நெய்யாக ஒழுகியது. அதனால் விடியற்காலையில் தொடங்குங்கள்.

உப்பில்லாத பட்டர் 120 கிராமை முதல்நாள் இரவே ஐஸ் அறையில் வையுங்கள். காலையில் 200 கிராம் சாதாரண கோதுமை மாவு (மைதா; தானாக உப்பும் மாவு வேண்டாம்), அரைத் தேக்கரண்டி உப்பு, 1 மேசைக்கரண்டி சீனி கலந்து, பட்டரைக் காரட் துருவியில் அதன் மேலேயே துருவுங்கள். விரல் நுனியால் மட்டும் புரட்டுங்கள்; உள்ளங்கை சூடு. உளுந்து அளவுக்குப் பட்டர் கண்ணில் பட வேண்டும். ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாகத் தெளியுங்கள், 4 மேசைக்கரண்டிக்குள் மாவு திரண்டுவிடும். ரொட்டி சானாய் மாதிரி அடித்துப் பிசையாதீர்கள், இழுவை வந்து தார்ட் இறுகிவிடும். தட்டையாக்கி, சுற்றி, ஐஸ்பெட்டியில் 1 மணி நேரம்.

அதற்குள் பழம். சிம்பாங் ரெங்கம் பக்கம் கிடைக்கும் ஜோசபின் அன்னாசி எனக்குப் பிடித்தது. மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டி 1996-இல் வெளியிட்ட ரகம், மணம் தூக்கலாக இருக்கும். தோலைச் சீவி, கண்களைச் சாய்வாகக் கீறி எடுத்து, நடுத்தண்டை நீக்கி, 400 கிராம் மெல்லிய துண்டுகளாக்குங்கள். 3 மேசைக்கரண்டி சீனி பிசிறி அரை மணி நேரம் வடிதட்டில் விடுங்கள். கீழே இறங்கும் சாற்றைக் கொட்டிவிட வேண்டாம். பிறகு துண்டுகளோடு 1 மேசைக்கரண்டி சோளமாவும் கொஞ்சம் லிமாவ் காஸ்தூரி (சின்ன எலுமிச்சை) சாறும் கலக்குங்கள்.

வருட நடுவில் செம்பெடாக் (பலா மாதிரிப் பழம்) சீசன் வந்தால் அதுவும் அருமை. சாறு வடிக்கும் வேலையே இல்லை.

ஓவனை 200 டிகிரிக்கு மூட்டிவிட்டு, மாவை பேக்கிங் தாளின் மேலேயே 30 சென்டிமீட்டர் வட்டமாகத் தேயுங்கள். நடுவில் 2 தேக்கரண்டி ரவை தூவுங்கள். மிச்சச் சாற்றை அது குடித்துக்கொள்ளும், அடி ஊறாது. ஓரத்தில் நாலு விரல் இடம் விட்டுப் பழத்தை அடுக்கி, ஓரத்தைக் கொசுவம் வைப்பதுபோல் மடித்து மடித்து மேலே கொண்டுவாருங்கள். மாவு தளர்ந்தால் தட்டோடு 15 நிமிடம் ஐஸ்பெட்டிக்குத் திரும்பட்டும். ஓரத்தில் பால் தடவி, 40 முதல் 45 நிமிடம் வேகவையுங்கள். நடுவில் சாறு கொப்பளிக்க வேண்டும், அப்போதுதான் சோளமாவு வெந்து கெட்டியாகும். ஓரம் மட்டும் சிவந்ததைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள்.

வடித்த சாற்றைச் சின்னச் சட்டியில் பாகுபோல் வற்றவிட்டு, சூடான தார்ட்டின் மேல் தடவுங்கள். 1 மணி நேரம் ஆறிய பிறகே வெட்டுங்கள். மறுநாள் மிச்சமிருந்தால் தோசைக்கல்லில், எண்ணெய் விடாமல், இளந்தீயில் 5 நிமிடம். அடி மறுபடி மொறுமொறுப்பாகும்.