வாய் அழற்சி உள்ளவர்கள் பூஞ்சைத் தொற்றை எதிர்கொள்ளும் முறை

லைக்கன் பிளானஸ் போன்ற நாட்பட்ட வாய் அழற்சிக்காக ஸ்டீராய்டு களிம்போ கொப்பளிப்பு மருந்தோ நெடுநாள் பயன்படுத்துபவர்களுக்கு, வாயில் இயல்பாகவே வாழும் கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை அளவுக்கு மீறிப் பெருகிவிட வாய்ப்புண்டு. அடங்கியிருந்த எரிச்சல் திடீரென்று கூடினால், பழைய நோய்தான் முற்றிவிட்டது என்று எண்ணி ஸ்டீராய்டின் அளவை நீங்களாகவே கூட்டிவிடாதீர்கள். அது பூஞ்சைக்கே துணைபோகும்.

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். திரிந்த பால் போன்ற வெண்படலம், ஈரத்துணியால் மெல்லத் துடைத்ததும் பெயர்ந்து, அடியில் சிவந்த பரப்புத் தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சையே. லைக்கன் பிளானஸின் வலைப்பின்னல் போன்ற வெண்கோடுகள் துடைத்தாலும் போகா. படலமே இல்லாமல் வெறும் சிவப்பாகவும் இத்தொற்று வரும் என்பதால், மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்வது அவசியம்.

நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைக்கொல்லித் திரவம் தரப்பட்டால், உடனே விழுங்காமல் வாய் முழுவதும் படும்படி சுழற்றி, இயன்றவரை வாயிலேயே வைத்திருங்கள். அறிகுறிகள் மறைந்த பிறகும் 48 மணி நேரம் தொடர வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு நிஸ்டாட்டினின் வீரியத்தைக் கெடுக்கும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 30 நிமிடம் இடைவெளி விடுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்களுக்கு, மைக்கோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி ஜெல் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், வார்ஃபரின் எடுப்பதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பல்செட் அணிபவர்கள் இரவில் அதைக் கழற்றித் துலக்கி வைக்கவேண்டும்.