கல்யாணம் ஆன கையோடு: சென்னையும் பிச்சாவரமும்

சைதாப்பேட்டையில் டிராவல்ஸ் கார் ஓட்டுகிறேன். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் வண்டியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் புதுசாகத் தாலி கட்டியவர்கள்தான். ஊட்டி, கொடைக்கானலுக்கு லீவு போதாது, மலை ஏறினால் வாந்தி வரும் என்று சொல்கிற ஜோடிகளுக்கு நான் கொடுக்கும் திட்டம் இது: சென்னையில் இரண்டு ராத்திரி, சிதம்பரத்தில் ஒரு ராத்திரி, மறுநாள் காலை பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடு.

இதை ஒரே நாளில் அப் அண்ட் டவுன் அடித்துவிடலாமா அண்ணா என்று கேட்காத ஆளே இல்லை. வேண்டாம். போக வர ஏறக்குறைய 450 கிலோமீட்டர். காட்டுக்குள் போய்ச் சேரும்போது உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும், பறவை ஒன்றும் கண்ணில் படாது. திரும்பி வரும்போது தம்பி ஒரு ஜன்னல், தங்கச்சி ஒரு ஜன்னல் என்று பார்த்துக்கொண்டு வருவதை முன்கண்ணாடியில் எத்தனையோ தடவை பார்த்தாச்சு.

தை மாசக் கல்யாணம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வெயிலும் குறைவு, வலசை வந்த பறவைகளும் இருக்கும். ஆவணியில் புழுக்கம் உண்டு, சமாளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் என்று செய்தி வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் அறைக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கட்டாதீர்கள். வைகாசிக்காரர்கள் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், வேறென்ன சொல்ல.

மதுரை, நெல்லைப் பக்கமிருந்து வருகிறவர்கள் விடிகாலையில் எழும்பூரில் இறங்குகிறார்கள். லாட்ஜில் மதியம்தான் அறை கிடைக்கும் என்பார்கள். பதிவு செய்யும்போதே காலை அறை உண்டா என்று கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் பட்டுப்புடவைப் பெட்டியோடு வரவேற்பறை சோபாவில் உட்கார வேண்டியதுதான். இருவரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். முகவரி வேறு வேறாக இருப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்பவர்கள் உண்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையும் பையில் இருந்தால் வாயடைத்துவிடும்.

முதல் நாள் தூங்குங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். நாலைந்து நாளாக இருவருமே சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். சாயங்காலம் எழுந்து மயிலாப்பூர் போங்கள். கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி நாலு மாட வீதியையும் நடந்து, மல்லிகைப்பூ வாங்கி, சூடாக ஒரு காபி குடித்தால் அன்றைக்கு அது போதும். சென்னையில் பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு என்று விருந்துக்குக் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு வீட்டுக்கு ஒத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கு மறுவீடு முடிந்து வருகிறோம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நாளும் வாழையிலை முன்னாலேயே போய்விடும்.

இரண்டாம் நாள் காலை சூரியன் உதிக்கும்போது மெரினா. கால் நனைக்கலாம், அதற்கு மேல் இறங்கக் கூடாது, அலை இழுக்கும். வெயில் ஏறியதும் எழும்பூர் அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. 1851-இல் தொடங்கியது, முழுவதும் பார்க்க நினைத்தால் கால் விட்டுப்போகும். நேரே வெண்கலச் சிலைகள் இருக்கும் பகுதிக்குப் போங்கள். அங்கே திருவெண்காட்டில் கிடைத்த சோழர் கால அர்த்தநாரீஸ்வரர் இருக்கிறார். ஒரே உடம்பில் பாதி சுவாமி, பாதி அம்பாள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் பார்க்க வேறென்ன வேண்டும்? மாலையில் பெசன்ட் நகர் கடற்கரை, மிளகாய் பஜ்ஜி. தி. நகரில் ஷாப்பிங் போகலாம் என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடுங்கள். மாமல்லபுரத்தில் கூட்டம் சேருவதற்கு முன்பே கடற்கரைக் கோயிலையும் அர்ச்சுனன் தபசையும் பார்த்துவிடலாம். மரக்காணம் பக்கம் சாலையோரம் உப்பளங்கள் வரும், தை மாசம் தாண்டினால் வெள்ளை வெளேர் என்று உப்பைக் குவித்திருப்பார்கள். அங்கே ஐந்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள், நல்ல டிரைவர் முகம் சுளிக்க மாட்டார். புதுச்சேரி, கடலூர் தாண்டி மதியத்துக்குள் சிதம்பரம்.

மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும், அறையில் படுத்து எழுந்து சாயங்காலம் போங்கள். ஒரே கோயிலுக்குள் நடராஜரும் கோவிந்தராஜப் பெருமாளும் இருப்பதால் சைவ வீட்டுப் பையனும் வைணவ வீட்டுப் பெண்ணும் சண்டை போடத் தேவையில்லை! கத்தரிக்காய் கொத்சு இந்த ஊருடையது, இட்லியோடு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

பிச்சாவரம் அங்கிருந்து கிள்ளை வழியாகப் பதினைந்து கிலோமீட்டர் சுமார். காலையில் படகு இல்லம் திறக்கும்போதே டிக்கெட் வரிசையில் நில்லுங்கள். மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயோடு திரும்பிவிடும், சத்தத்துக்குப் பறவையும் பறந்துவிடும். துடுப்புப் படகுதான் கிளைகள் தலைக்கு மேல் கூடாரமாகக் கவிந்து நிற்கும் குறுகிய ஓடைக்குள் நுழையும். சில இடத்தில் குனிய வேண்டியிருக்கும், பூ வைத்த கொண்டை ஜாக்கிரதை.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இடம் இது, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல். உப்புச் சேற்றில் காற்றே இருக்காது, அதனால் வெண்கண்டல் மரம் வேர்களைக் குச்சி குச்சியாகச் சேற்றுக்கு வெளியே நீட்டி மூச்சு விடுகிறது. சுரபுன்னை அடிமரத்திலிருந்து வளைந்த கால்களை ஊன்றி நிற்கும். அதன் விதை மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, சின்ன முருங்கைக்காய் மாதிரி நீண்டு, பிறகுதான் சேற்றில் விழும். இதையெல்லாம் காட்டச் சொல்லிப் படகோட்டி அண்ணனிடம் கேளுங்கள், கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார். 2004 சுனாமியின்போது இந்தக் காடு தடுத்ததால் பின்னால் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைந்த கதையையும் சொல்வார். 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இதைச் சேர்த்துவிட்டார்கள். போட்டோவுக்காகக் கிளையை ஒடிக்காதீர்கள். இந்தக் காட்டில் இருக்கும் தில்லை மரத்தின் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. உயிர்க்கவச அங்கியைக் கழற்றிவிட்டு நின்று போஸ் கொடுப்பதும் வேண்டாம்.

கார் பேசும்போது நாலு விஷயம் கேளுங்கள். ஷெட் டு ஷெட், அதாவது வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி ஷெட்டுக்கு வரும் வரை கிலோமீட்டர் கணக்கா, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா எவ்வளவு, டோலும் பார்க்கிங்கும் புதுச்சேரி பெர்மிட்டும் யார் தலையில். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பட்ஜெட் இடித்தால் எழும்பூரில் இருந்து சோழன் எக்ஸ்பிரஸ் சிதம்பரம் வழியாகத்தான் திருச்சி போகிறது. மாமல்லபுரமும் உப்பளமும் கிடைக்காது, அவ்வளவுதான். டெல்டா பக்கம், திருச்சிப் பக்கம் வீடு இருப்பவர்கள் சென்னைக்குத் திரும்பாமல் சிதம்பரத்தில் அதே ரயிலில் ஏறிப் போய்விடலாம். ஆனால் நீங்கள் நடுவில் இறங்கிக்கொண்டாலும் வண்டி காலியாகத் திரும்பும் கிலோமீட்டருக்கும் பணம் உண்டு. அதில் பேரம் பேசினால் யாரும் இறங்கி வர மாட்டோம்.