மாங்காய் இஞ்சி அழுகல்: நான் செய்தது

ஐப்பசி அடைமழையில் மாடித் தொட்டியிலிருந்த மாங்காய் இஞ்சியின் தண்டு, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அடி கொழகொழவென்று இருந்தது. தோண்டினால் கிழங்கு பாதி கூழ்; பச்சை மாங்காய் வாசனை போய் ஒரே நாற்றம். தண்ணீர் தேங்கினால் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரி செய்யும் வேலை இது. மஞ்சளுக்கும் இதே தொல்லைதான், ஒரே குடும்பமாயிற்றே!

கெட்டியான துண்டுகளை மட்டும் நறுக்கி, வெட்டுவாயில் சாம்பல் தடவி, நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைத்தேன். பழைய மண்ணைத் தூக்கிக் கொட்டினேன். சித்திரையில் செம்மண், ஆற்றுமணல், மக்கிய தொழுவுரம் சம அளவு கலந்து, அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்து நட்டேன். தொட்டிக்கு அடியில் செங்கல் கொடுத்தேன். உண்மையில் காப்பாற்றியது அந்தச் செங்கல்தான் என்பேன். மழைநீர் நிற்காமல் வடிந்தது.

மார்கழியில் இலை காய்ந்தால் பதறாதீர்கள், கிழங்கு முற்றிவிட்டது. தண்ணீரை நிறுத்திவிட்டுத் தையில் தோண்டுங்கள். எங்கள் வீட்டில் எல்லாம் ஊறுகாய்க்கே போய்விட்டது.