ஊர்ப் பள்ளிக்கு கம்பெனி நிதி: டெல்டாவில் யாரிடம், எப்படிக் கேட்பது

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர லாபம் காட்டும் நிறுவனம், தன் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்; இதைத்தான் சிஎஸ்ஆர் என்கிறார்கள். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்வதும் அதே சட்டம்தான். அதனால் சென்னைக்கு மனு போடுமுன் பக்கத்தில் பாருங்கள்: காரைக்காலில் ஓஎன்ஜிசி, நாகை பனங்குடியில் சென்னை பெட்ரோலிய நிறுவனமான சிபிசிஎல், கும்பகோணத்தில் தலைமையகம் உள்ள சிட்டி யூனியன் வங்கி. இயக்குநர் குழு ஒப்புதல் தந்த சிஎஸ்ஆர் திட்டங்களை நிறுவனங்கள் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். முதலில் அதைப் படியுங்கள். கழிப்பறைக்கே தொடர்ந்து கொடுக்கும் இடத்தில் ஸ்மார்ட் போர்டு கேட்டால் மனு நகராது. ஆண்டு விழாவுக்கு ஸ்பான்சர் கேட்பதும் வீண்; அது சிஎஸ்ஆர் கணக்கில் சேராது.

“பள்ளி வளர்ச்சிக்கு உதவுங்கள்” என்று பொதுவாக எழுதும் கடிதம் கிடப்பில்தான் போகும். ஒரே ஒரு தேவையைக் கேளுங்கள். கடலோரப் பள்ளியில் மாணவியர் கழிப்பறையின் இரும்புக் கதவு உப்புக்காற்றில் அடிப்பக்கம் அரித்து, தாழ்ப்பாள் பொருந்தாமல் நிற்கிறது என்றால், அந்த ஓட்டை தெரியும்படி ஒரு படம் வையுங்கள். மாணவியர் எத்தனை பேர், உபயோகத்தில் உள்ள கழிப்பறை எத்தனை, பிவிசி கதவுக்கு மூன்று கொட்டேஷன், ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் 11 இலக்க யுடைஸ் அடையாள எண், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகல் எல்லாம் சேர வேண்டும். பிறகு பராமரிப்பது யார் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பலர் விடுவது இதைத்தான்.

பணம் வரும் வழியில்தான் பல மனுக்கள் சிக்குகின்றன. அரசுப் பள்ளி என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்ற தமிழக அரசுத் திட்டம் வழியாகக் கேட்கலாம். அறக்கட்டளை வழியாக வாங்குவதானால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்றாண்டுச் செயல்பாடு, கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து பெறும் சிஎஸ்ஆர்-1 பதிவு எண் எல்லாம் கையில் இருக்க வேண்டும். தனிநபர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கை ஒருபோதும் தராதீர்கள்.

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மனு பிப்ரவரி, மார்ச்சிலேயே போய்ச் சேரட்டும். கட்டட வேலை என்றால் செப்டம்பருக்குள் முடியும்படி கால அட்டவணை போடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் களிமண் தரையில் அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நின்றுவிடும், லாரியும் உள்ளே வராது.

வேலை முடிந்த மாதமே பில், படம், பயன்பாட்டுச் சான்று மூன்றையும் அனுப்பிவிடுங்கள். நிறுவனம் தன் கணக்கை முடிக்க அவை தேவை.