இன்ச்சா சென்டிமீட்டரா? டேப்பும் கால்குலேட்டரும் வச்சு ஒரே உட்கார்ல கத்துக்கலாம் வாங்க

ஜன்னலுக்கு பிளைண்ட்ஸ் ஆர்டர் பண்ணேன். டேப் வச்சு ரெண்டு தடவ அளந்தேன், அகலம் 4 அடி 6 இன்ச். ஆன்லைன் ஃபார்ம்ல அகலம்னு ஒரு கட்டம், பக்கத்துல அடின்னு போட்டிருந்தாங்க, நானும் 4.6ன்னு தட்டிட்டு பணத்த கட்டிட்டேன். வந்த பிளைண்ட்ஸ் ஃபிரேமுக்குள்ள போகவே மாட்டேங்குது, மூணு சென்டிமீட்டர் அதிகம். அனுப்பினவங்க மேல ஒரு தப்பும் இல்ல, நான் கேட்டதத்தான் செஞ்சு குடுத்திருக்காங்க. 6 இன்ச்ன்னா அரை அடி, அப்ப 4.5ன்னுதானே போட்டிருக்கணும்? 4.6 அடின்னா 4 அடி 7.2 இன்ச். இது தெரியாம இல்ல, கை தட்டும்போது மூளை தூங்கிடுச்சு, அவ்ளோதான்.

அதனால இந்தப் பதிவுல பெரிய வாய்ப்பாடு எதுவும் கிடையாது. அது ஃபோன்லயே இருக்கு. எங்கெங்க கால் வழுக்கும்னு காட்டுறேன், கூடவே மனக்கணக்குக்கு ரெண்டு மூணு குறுக்கு வழி. தேவையானது ரெண்டு பக்கமும் அளவு போட்ட ஒரு டேப், ஒரு ஏ4 பேப்பர், ஃபோன் கால்குலேட்டர்.

படி 1: மொதல்ல டேப்ப ஒழுங்கா படிக்கக் கத்துக்கங்க

சென்டிமீட்டர் பக்கம் சுலபம், ஒவ்வொரு சென்டிமீட்டரும் பத்து கோடா பிரிஞ்சிருக்கும், ஒரு கோடு ஒரு மில்லிமீட்டர். இன்ச் பக்கந்தான் பாதிப்பேர் கண்ண சுருக்கிட்டு பாக்குறது. பெரும்பாலான டேப்ல ஒரு இன்ச்ச 16 பங்கா பிரிச்சிருப்பாங்க. நட்டநடுவுல இருக்குற நீளமான கோடு அரை இன்ச், அதுக்கு அடுத்த நீளம் கால் இன்ச், அதுக்கும் சின்னது அரைக்கால், கடைசி குட்டி கோடு 16ல ஒண்ணு. கோட்டோட நீளத்த பாத்தே சொல்லிடலாம், எண்ண வேண்டியதில்ல. ஆசாரிங்க, கொத்தனாருங்க ‘ஒரு நூல் கூட்டி வை’ன்னு சொல்றாங்கல்ல, அந்த நூல் இந்த அரைக்கால் இன்ச்தான், 8 நூல் சேந்தா ஒரு இன்ச்.

1 இன்ச் = 25.4 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட இல்ல, துல்லியமா அவ்வளவுதான், 25.4க்கு அப்பறம் எல்லாமே சைபர். 1959ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆறு நாடும் சேந்து ஒரு கஜம்னா 0.9144 மீட்டர்னு முடிவு பண்ணாங்க, அத 36ஆல வகுத்தா இந்த 25.4 வரும். அதுக்கு முன்னாடி அமெரிக்க இன்ச்சும் பிரிட்டிஷ் இன்ச்சும் துளியூண்டு வித்தியாசமா இருந்துச்சு. ஆக இன்னிக்கு இன்ச்சே மீட்டர வச்சுத்தான் வரையறுக்கப்பட்டிருக்கு, இன்ச் கட்சிக்காரங்ககிட்ட இத சொன்னா கொஞ்சம் கோவம் வரும்.

இப்ப ஏ4 பேப்பர எடுத்து அளங்க. அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297. திருப்பி இன்ச் பக்கம் வச்சா அகலம் எட்டேகால் தாண்டி ஒரு துளி, நீளம் 11 இன்ச்சும் 16ல 11 பங்கும் வரும். அமெரிக்காவுல, கனடாவுல புழங்குற லெட்டர் சைஸ் பேப்பர் எட்டரைக்கு 11 இன்ச், அதாவது 215.9க்கு 279.4 மில்லிமீட்டர். ஏ4 விட 6 மில்லிமீட்டர் அகலம் கூட, நீளம் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் கம்மி. லெட்டர்ல செட் பண்ணின ஃபைல ஏ4ல பிரிண்ட் போட்டா ஓரம் வெட்டுப்படுறதுக்கு, இல்ல எழுத்து சுருங்கி வர்றதுக்கு பல நேரம் இதான் காரணம், பிரிண்டர திட்டாதீங்க.

இன்னொண்ணு, டேப் நுனியில இருக்குற கொக்கி லொடலொடன்னு ஆடுதேன்னு அத சுத்தியால தட்டி இறுக்கிடாதீங்க!! வேணும்னேதான் அப்படி விட்டிருக்காங்க. வெளிப்பக்கம் மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளிய வரும், உள்பக்கம் முட்டுக்கொடுத்து அளக்கும்போது உள்ள போகும், எவ்ளோ நகருதோ அதான் கொக்கியோட தடிமன், ரெண்டு பக்கமும் அளவு சரியா வர்றதுக்காக.

படி 2: புள்ளிய நம்பாதீங்க

மெட்ரிக்ல 1.75 மீட்டர்னா 175 சென்டிமீட்டர், 1750 மில்லிமீட்டர், புள்ளி மட்டும் நகரும். அடி இன்ச்ல அது நடக்காது, ஏன்னா 12 இன்ச் ஒரு அடி, 3 அடி ஒரு கஜம், 1760 கஜம் ஒரு மைல். இதுக்காக அத முட்டாள்தனம்னு சொல்றவங்க கூட நான் சேர மாட்டேன். 12அ 2, 3, 4, 6 எல்லாத்தாலயும் வகுக்கலாம், ஒரு அடிய மூணா பிரிச்சா சுளையா 4 இன்ச், ஒரு மீட்டர மூணா பிரிச்சா 33.333ன்னு போயிட்டே இருக்கும். கையால வேலை செய்றவங்களுக்கு பாதி பாதியா பிரிக்கிறதுதான் வசதி, 8ல 5 பங்குல பாதி என்னன்னா கீழ இருக்குறத ரெட்டிச்சா போதும், 16ல 5.

ஆனா கால்குலேட்டர் கைக்கு வந்ததும் இந்த வசதியே வினையாகுது. உயரத்த எடுத்துக்கங்க, 5 அடி 7 இன்ச்ச எல்லாரும் 5.7ன்னு எழுதுறோம். எழுதுறது பரவால்ல, அத அப்படியே கணக்குல போடக்கூடாது. இப்படி பண்ணுங்க:

அடிய 12ஆல பெருக்குங்க, 5 × 12 = 60. இன்ச்ச கூட்டுங்க, 67. அத 2.54ஆல பெருக்குங்க, 170.18 சென்டிமீட்டர். முடிஞ்சுது.

திரும்பி வரும்போதும் இதே குழிதான். 180 சென்டிமீட்டர் இருக்குறவர் எத்தன அடி? கூகுள்ல போட்டா 5.9 அடின்னு வரும், உடனே ‘5 அடி 9 இன்ச்’ன்னு ரெண்டு இன்ச் குள்ளமாக்கிடுவோம், பாவம். 180அ 2.54ஆல வகுத்தா 70.87 இன்ச், அதுல 5 அடிக்கு 60 போனா மிச்சம் 10.87. அவர் 5 அடி 11 இன்ச்.

என் பிளைண்ட்ஸ் விஷயத்துலயும் கடைசில வேலைக்கு ஆனது இதுதான், 4 அடி 6 இன்ச் = 54 இன்ச் = 1371.6 மில்லிமீட்டர், உள்ள போக கொஞ்சம் இடம் விட்டு 1365ன்னு மில்லிமீட்டர்லயே எழுதிக் குடுத்தேன். முழு எண், புள்ளியும் இல்ல பின்னமும் இல்ல. யாருக்காவது அளவு எழுதி அனுப்பும்போது மில்லிமீட்டர்தான் என் சாய்ஸ்.

படி 3: பாதி, ரெட்டிப்பு, பத்து சதவீதம்

எடைக்கும் வெயிலுக்கும் ஒரே தந்திரம் போதும்.

கிலோவுலேந்து பவுண்டுக்கு, ரெட்டிச்சு பத்து சதவீதம் கூட்டுங்க. 70 கிலோன்னா 140, அதுல பத்து சதவீதம் 14, மொத்தம் 154 பவுண்டு. கால்குலேட்டர் 154.3ன்னு சொல்லும். பவுண்டுலேந்து கிலோவுக்கு, பாதியாக்கி பத்து சதவீதம் கழிங்க, 150 பவுண்டு, பாதி 75, கழிச்சா 67.5, உண்மை 68. ஒரு பவுண்டுல 16 அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் 28 கிராம் சொச்சம், அதனால இங்கயும் 7 பவுண்டு 8 அவுன்ஸ்ங்கிறது 7.8 இல்ல, 7.5. அதே புள்ளி, அதே குழி.

செல்சியஸ்லேந்து பாரன்ஹீட்டுக்கு, ரெட்டிச்சு பத்து சதவீதம் கழிச்சு 32 கூட்டுங்க. 30 டிகிரி: 60, கழிச்சா 54, கூட்டினா 86. இது தோராயம் இல்ல, துல்லியமான விடையே அதான். எதிர்ப்பக்கம் வரணும்னா 32அ கழிச்சு, பாதியாக்கி, பத்து சதவீதம் கூட்டுங்க, இது கொஞ்சம் கம்மியா காட்டும். வெயிலுக்கு ஓகே, காய்ச்சலுக்கு வேணாம். 102 பாரன்ஹீட்ட இப்படி போட்டா 38.5ன்னு வரும், நிஜத்துல 38.9. உடம்பு விஷயத்துல கால்குலேட்டரயே தட்டுங்க. மைனஸ் 40ல ரெண்டு அளவும் ஒண்ணாயிடும்ங்கிறது சும்மா தெரிஞ்சு வச்சுக்கலாம்.

வெப்பநிலை வேற, வெப்பநிலை வித்தியாசம் வேற. ‘நேத்த விட இன்னிக்கு 5 டிகிரி செல்சியஸ் கூட’ன்னு செய்தில வந்தா அது 41 பாரன்ஹீட் கூட இல்ல, 9 பாரன்ஹீட்தான் கூட. வித்தியாசத்துக்கு 32 சேக்கக்கூடாது, வெறும் 1.8ஆல பெருக்கினா போதும்.

படி 4: மைல்

5 மைல்னா 8 கிலோமீட்டர். இத மட்டும் மனசுல வச்சுக்கங்க. அப்பறம் 8 மைல்னா 13 கிலோமீட்டர், 13 மைல்னா 21, 21 மைல்னா 34. இந்த எண் வரிசைய எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? ஃபிபனாச்சி வரிசைதான், அதாவது முந்தின ரெண்டு எண்ணக் கூட்டினா அடுத்த எண் வரும். பக்கத்து பக்கத்து எண்ணோட விகிதம் சுமார் 1.618, ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், தற்செயலா ஒத்துப்போச்சு. கிலோமீட்டர்லேந்து மைலுக்குன்னா பாதியும் எட்டுல ஒரு பங்கும் கூட்டுங்க, 80ன்னா 40ம் 10ம், 50 மைல். கடல்லயும் விமானத்துலயும் சொல்ற நாட்டிக்கல் மைல் தனிக் கதை, அது 1852 மீட்டர்.

படி 5: பரப்பளவுல ஒரு தடவ மாத்தினா பத்தாது

10 அடிக்கு 12 அடி ரூம், 120 சதுர அடி. ஒரு மீட்டருக்கு 3.28 அடின்னு தெரியும், அப்ப 120அ 3.28ஆல வகுத்தா 36.6 சதுர மீட்டர்னு போட்டு டைல்ஸ் வாங்கினீங்கன்னா இன்னும் ரெண்டு ரூமுக்கு டைல்ஸ் மிச்சம் இருக்கும். நீளத்தயும் மாத்தணும் அகலத்தயும் மாத்தணும், அதனால வகுக்க வேண்டியது 10.76ஆல, விடை 11.15 சதுர மீட்டர். சந்தேகம்னா ரெண்டு பக்கத்தயும் தனித்தனியா மீட்டராக்கி பெருக்கிப் பாருங்க.

படி 6: பேர் ஒண்ணு, ஆள் வேற

ஒரே பேர்ல ரெண்டு அளவு இருக்குறதுதான் எனக்கு இதுல பிடிக்காத பகுதி. காலன்னா எந்த காலன்? அமெரிக்க காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர். அதனால ஒரு கார் காலனுக்கு 40 மைல் ஓடும்னு ஒரு வீடியோல சொன்னா, பேசுறவர் எந்த நாடுன்னு பாருங்க, பிரிட்டிஷ் கணக்குன்னா 100 கிலோமீட்டருக்கு 7.1 லிட்டர் குடிக்கும், அமெரிக்க கணக்குன்னா 5.9 லிட்டர்தான். பைன்ட்டும் அப்படித்தான், அமெரிக்காவுல 473 மில்லி, பிரிட்டன்ல 568. டன்னுல மூணு பேரு, 907 கிலோ அமெரிக்க டன், 1016 கிலோ பிரிட்டிஷ் டன், 1000 கிலோ மெட்ரிக் டன். ஏசில சொல்ற டன் எடையே இல்ல, குளிர்விக்கிற வேகம், ஒரு டன்னுக்கு சுமார் 3.5 கிலோவாட்.

எண்ணுக்குப் பக்கத்துல அலகு எழுத சோம்பல்படுறவங்களுக்காக ரெண்டு கதை. 1983 ஜூலை 23, கனடாவுல ஒரு போயிங் 767 விமானம் நடுவானத்துல எரிபொருள் தீந்து ரெண்டு இன்ஜினும் நின்னு போச்சு. வேண்டியது 22,300 கிலோ. லிட்டர கிலோவாக்க 0.8ஆல பெருக்கணும், பெருக்கினது 1.77ஆல, அது லிட்டருக்கு எத்தன பவுண்டுங்கிற எண். ஆக 22,300 பவுண்டோட, வேண்டியதுல பாதி கூட இல்லாம கிளம்பிட்டாங்க. கிம்லின்னு ஒரு ஊர்ல இருந்த பழைய விமானப்படைத் தளத்துல கிளைடர் மாதிரி மிதக்க விட்டே இறக்கினார் விமானி, யாரும் சாகல. 1999 செப்டம்பர்ல நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்கிட்ட போய் தொலைஞ்சதும் இப்படித்தான், ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்டு விசைக் கணக்குல எண்ண குடுத்துச்சு, இன்னொரு பக்கம் அத நியூட்டன், அதாவது மெட்ரிக் விசை அலகு, கணக்கா எடுத்துக்கிட்டாங்க, 4.45 மடங்கு வித்தியாசம்.

படி 7: இன்ச்னு எழுதியிருந்தா இன்ச்னு அர்த்தமில்ல

டயர் பக்கவாட்டுல 205/55 ஆர்16ன்னு இருக்கும். 205ங்கிறது டயர் அகலம், மில்லிமீட்டர்ல. 55ங்கிறது பக்கச்சுவரோட உயரம், அகலத்துல 55 சதவீதம். 16ங்கிறது ரிம்மோட விட்டம், இன்ச்ல!! ஒரே வரில மூணு விதம். டிவி 43 இன்ச்னா அகலம் இல்ல, மூலைக்கு மூலை, 109 சென்டிமீட்டர்.

அரை இன்ச் இரும்பு பைப்ப டேப் வச்சு அளந்தீங்கன்னா வெளிவிட்டம் 21 மில்லிமீட்டர் வரும், அரை இன்ச் 12.7 தானே? அரை இன்ச்ங்கிறது அந்த பைப்புக்கு வச்ச பேரு, அவ்ளோதான். அளந்துட்டுப் போய் 21 மில்லிமீட்டர் பைப் குடுங்கன்னு கேட்டா கடைல முழிப்பாங்க.

ஸ்பேனர் விஷயத்துல மட்டும் கொஞ்சம் பொறுமையா இருங்க. முக்கால் இன்ச் 19.05 மில்லிமீட்டர், அதனால 19 ஸ்பேனர் முக்கால் இன்ச் நட்டுல பெரும்பாலும் உக்காந்துடும். அரை இன்ச் நட்டுக்கு 12 நுழையாது, 13 நுழையும், ஆனா 0.3 மில்லிமீட்டர் ஆடும், பலமா திருகுனா நட்டோட மூலை மழுங்கி அப்பறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. போல்ட்டுல கால் இன்ச்சும் 6 மில்லிமீட்டரும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், மரை வேற வேற, ரெண்டு சுத்து போகும் அப்பறம் இறுகிக்கும், அங்க நிறுத்திடணும், பலம் காட்டினா மரை போயிடும். கேமரா ட்ரைபாட் திருகு மட்டும் உலகம் பூரா பெரும்பாலும் கால் இன்ச்தான், மெட்ரிக் நாட்டுல செஞ்ச கேமராவா இருந்தாலும்.

இந்த மாதிரி சாமானுக்கு டேப்பே தேவையில்ல, பழசயே கொண்டு போய் காட்டுறதுதான் சரி. நான் இப்பல்லாம் கழட்டின நட்ட சட்டப்பைல போட்டுட்டுதான் கிளம்புறது.