கணினி அசெம்பிள் செய்யப் பாகங்கள் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

முதல்முறை கணினி சேர்க்கிறவர்கள் பாகங்களின் பட்டியலைக் காட்டி "எல்லாம் சரியா?" என்று கேட்பார்கள். பட்டியலின் முதல் வரியில் பிராசசர், இரண்டாவதில் கிராபிக்ஸ் கார்டு. கடைசி வரியில் பவர் சப்ளை, மீந்த பணத்துக்குக் கிடைத்தது. அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது பெரிய விஷயம் என்பதால், சின்னவற்றை முடித்துவிட்டு வருவோம். சாக்கெட் (பிராசசர் அமரும் இடம்) பொருந்த வேண்டும், ஊசி போன்ற பின்கள் வளையக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே, அவற்றை விட்டுவிடலாம்.

பிராசசர் பெயரின் கடைசி எழுத்து

இன்டெல் பெயரின் முடிவில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஐ5-12400, ஐ5-12400எஃப் இரண்டிலும் அதே ஆறு கோர்கள், அதே வேகம். வேறுபாடு இது ஒன்றுதான். கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தே வாங்குகிறவருக்கு எஃப் நல்ல தேர்வு. "கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கிக்கலாம்" என்பவருக்கு ஆறு மாதமும் திரையில் எதுவும் வராது. ஏஎம்டி ரைசன் 5000 வரிசையில் கணக்கு வேறு: பெயரில் 'ஜி' இருந்தால்தான் கார்டு இல்லாமல் படம் தெரியும்.

அதற்காக, எதற்கும் இருக்கட்டும் என்று ஜி வாங்கிவிடவும் கூடாது. ரைசன் 5 5600எக்ஸில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி. 5600ஜியில் 16 எம்பிதான். கார்டுக்குத் தரவு போகும் வழியான பிசிஐ எக்ஸ்பிரஸும் 4.0 அல்ல, 3.0. இதோடு 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டைச் சேர்த்தால் என்ன ஆகும்? அந்தக் கார்டுக்கு இருப்பதே நான்கு லேன் (அந்த வழியின் தடங்கள்), 4 ஜிபி நினைவகம். நினைவகம் நிரம்பியதும் தரவு லேன் வழியாகத்தான் வந்தாக வேண்டும், 3.0இல் அந்த வழி பாதியாகச் சுருங்கிவிடும். விளையாட்டு விட்டுவிட்டு நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பாகங்களிலும் பழுதில்லை, சேர்த்ததில்தான் தவறு.

அட்டையில் 65 வாட்

ஐ7-13700இன் அடிப்படை மின்தேவை 65 வாட். அதே பிராசசரின் அதிகபட்ச டர்போ (வேகம் கூட்டி ஓடும்போது) மின்தேவை 219 வாட். 65ஐ மட்டும் படித்துவிட்டுச் சின்னக் கூலரும், விஆர்எம் (பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத மலிவு மதர்போர்டும் வாங்குவார்கள். வீடியோ ரெண்டர் போட்டால் தொடக்கத்தில் பறக்கும், பிறகு வேகம் இறங்கி அங்கேயே நிற்கும். உடனே பெரிய கூலருக்குச் செலவு செய்வார்கள், அதற்கும் மாற்றம் இருக்காது. சூடாவது விஆர்எம் என்றால் பிராசசரைக் குளிர்வித்து என்ன பயன்?

கூலர் வாங்கும்போது உயரத்தையும் பாருங்கள். 155 மில்லிமீட்டர் கூலர் 150 மட்டுமே அனுமதிக்கும் கேபினட்டுக்குள் போனால், பக்கக் கதவு மூடாது.

பயாஸ்

பி650 மதர்போர்டுகள் 2022இல் வந்தவை, ரைசன் 9000 வரிசை 2024இல் வந்தது. சாக்கெட் ஒன்றுதான். ஆனால் பழைய இருப்பிலிருந்து வந்த போர்டில் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பழையதாக இருந்தால் புதிய பிராசசரை அதற்கு அடையாளம் தெரியாது. பிராசசர் இல்லாமலே யுஎஸ்பி டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டைப் பார்த்து வாங்குங்கள்.

ரேம்

இரண்டு குச்சிகள், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட். நான்கும் நிரம்பினால் அழகாக இருக்கும் என்று வாங்காதீர்கள்: ரைசன் 7000க்கு ஏஎம்டி குறிப்பிடும் டிடிஆர்5 வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நான்குக்கு 3600.

எம்.2

அது எஸ்எஸ்டியின் வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அல்ல. மெதுவான சாட்டாவா, வேகமான என்விஎம்இயா என்று கேட்டு வாங்குங்கள்.

பவர் சப்ளை

பெட்டியில் "500 வாட்" என்று பெரிதாக இருக்கும். அதைப் படித்து நின்றுவிடாமல், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குப் போங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அங்கிருந்துதான். அங்கே 30 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 30 = 360 வாட்; உங்களுக்கு உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். 80 பிளஸ் முத்திரை சொல்வது, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரின் தரத்தையோ பாதுகாப்புச் சுற்றுகளையோ அது சொல்லாது.

கணக்கு எளிது. ரைசன் 7 7700எக்ஸ் சாக்கெட்டிலிருந்து எடுக்கக்கூடியது 142 வாட். ஆர்டிஎக்ஸ் 4070 கார்டுக்கு 200. மற்றவை எல்லாம் சேர்த்து 60 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 400 சொச்சம். 650 வாட் போதும். இடைவெளி ஏன் என்றால், கிராபிக்ஸ் கார்டு நொடியின் சிறு துளியில் தன் அளவைத் தாண்டி இழுக்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளை விதியில் இந்தத் திடீர் இழுப்பைத் தாங்குவதும் ஒரு நிபந்தனை. தாங்காத பவர் சப்ளை விளையாட்டின் நடுவில் கணினியை அணைத்துவிடும். பழி பெரும்பாலும் கார்டின் மேல் விழும்.

இதுவரை சொன்னவற்றில் போவது பணம். இனிச் சொல்லப்போவதில் போவது தரவு. எத்தனை முறை எச்சரித்தாலும் இது நின்றபாடில்லை என்பதுதான் ஆற்றாமை.

பழைய பவர் சப்ளையை மாற்ற நல்ல மாடுலர் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையாகவே பார்த்து வாங்குகிறார் ஒருவர். பழைய கேபிள்கள் கேபினட்டின் பின்புறம் நேர்த்தியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அவிழ்க்க மனம் வரவில்லை. பழைய பெட்டியை மட்டும் கழற்றி, புதியதை வைத்து, அதே கேபிள்களை அதில் செருகுகிறார். பிளாஸ்டிக் முனை சரியாகப் பொருந்துகிறது, 'டக்' என்று பூட்டும் விழுகிறது. பட்டனை அழுத்தினால் ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் அந்த நொடியிலேயே கருகுகின்றன.

ஏன்? கேபிளின் டிரைவ் பக்க முனைக்குப் பொது விதி உண்டு. பவர் சப்ளை பக்க முனைக்கு எந்தப் பொது விதியும் கிடையாது. எந்தத் துளையில் 12 வோல்ட், எதில் 5, எது கிரவுண்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைக்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட இது மாறும். வடிவம் பொருந்துவதால் மின்சாரமும் பொருந்தும் என்று நம்பினால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகும். 2.5 அங்குல எஸ்எஸ்டி முழுக்க 5 வோல்ட்டில் ஓடுவது. ஹார்ட் டிஸ்க்கின் கட்டுப்பாட்டுப் பலகையும் அப்படித்தான். பவர் சப்ளையின் பாதுகாப்பு இதைத் தடுக்காது. அதன் கணக்கில் 12 வோல்ட் கம்பியில் 12 வோல்ட்தான் போகிறது, அதில் தவறேதும் இல்லை. டிரைவ் கருகி ஷார்ட் ஆன பிறகே அது அணையும். புது டிரைவ் வாங்கிவிடலாம். பத்து வருடப் புகைப்படங்களை எங்கே வாங்குவது?

ஆகவே பவர் சப்ளை மாறினால் எல்லாக் கேபிளும் மாற வேண்டும், விதிவிலக்கே இல்லை. கேபிள் கலந்துவிட்டது, எது எதனுடையது என்று தெரியவில்லை என்றால், டிரைவ்கள் எதையும் இணைக்காமல் அந்தக் கேபிளைச் செருகிக் கணினியை ஓட விட்டு, மல்டிமீட்டரால், டிரைவில் செருகும் சாட்டா முனையை அளக்கலாம். 15 தொடுபுள்ளிகளில் 4 முதல் 6 வரை கிரவுண்ட், 7 முதல் 9 வரை 5 வோல்ட், 13 முதல் 15 வரை 12 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டர் இல்லையா? கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

பிராசசருக்கான 4+4 முனையையும் கார்டுக்கான 6+2 முனையையும் மாற்றிச் செருகாதீர்கள். இரண்டிலும் எட்டு பின்தான். 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். உள்ளே போக அடம்பிடித்தால் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பாருங்கள்.

கார்டில் இரண்டு எட்டு பின் முனைகள் இருந்தால் இரண்டு தனிக் கேபிள்கள் போடுங்கள். ஒரு முனைக்கு 150 வாட் என்பது விதி. 320 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3080 போன்ற கார்டை ஒரே கேபிளின் இரட்டை வாலில் தொங்கவிட்டால், முனை சூடாகிப் பழுக்கலாம்.

மீந்த மாடுலர் கேபிள்களை ஒரு பையில் போட்டு, பவர் சப்ளையின் முழு மாடல் எண்ணைப் பையின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். பவர் சப்ளையை விற்கும்போது பையும் அதோடு போகட்டும்.