பண்டைக் கிரேக்கத்தில் பெயரும் பெயரிடலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைக் கிரேக்கத்தில் பெயரைக் குறிக்கும் அடிப்படைச் சொல் ‘ஒனொமா’. அதை எங்கே கண்டாலும் ஆட்பெயர் என்று கொள்வதுதான் முதல் தவறு. பொருள் தந்தும் காலம் காட்டாத சொல்லை ஒனொமா என்றும், காலத்தையும் சேர்த்துக் காட்டுவதை ‘ரேமா’ என்றும் அரிஸ்டாட்டில் பிரிக்கிறார். பெயர்ச்சொல், வினைச்சொல் என்று படித்து வளர்ந்த நமக்கு இது எளிதில் பிடிபடும். வேறு இடங்களில் ஒனொமா என்பது வெறுமனே ‘சொல்’ என்றும் பொருள்படும்.

இதைவிட ஏமாற்றுவது ‘கூரியொன் ஒனொமா’ என்ற தொடர். டயோனிசியஸ் திராக்ஸ் பெயரால் வழங்கும் இலக்கண நூலில் இது ஹோமர், சாக்ரடீஸ் போன்ற சிறப்புப்பெயர்களைக் குறிக்கிறது. மனிதன், குதிரை போன்றவை பொதுப்பெயர்கள். ஆனால் அரிஸ்டாட்டிலின் ‘கவிதையியல்’ நூலில் இதே தொடருக்கு ஒரு மக்கள் தமக்குள் இயல்பாக வழங்கும் சொல் என்பதே பொருள். ஈட்டியைக் குறிக்கும் ‘சிகூனொன்’ சைப்ரஸ் தீவினருக்கு இயல்பான சொல், நமக்கோ அயல்வழக்கு என்று அவரே எடுத்துக்காட்டும் தருகிறார். அங்கே ‘சிறப்புப்பெயர்’ என்று மொழிபெயர்த்தால் அந்தப் பகுதியே பொருளற்றுப் போகும்.

ஒனொமாவையும், சட்டம் அல்லது வழக்கம் என்று பொருள்படும் ‘நொமொஸ்’ என்பதையும் ஒலியொப்புமை கருதி இணைப்போர் உண்டு. இரண்டுக்கும் வேர் வேறு. எக்கனாமி, அஸ்ட்ரானமி ஆகியவற்றின் பின்பகுதி நொமொஸின் குடும்பம். சினானிம், அனானிமஸ் ஆகியவை ஒனொமாவின் குடும்பம். அதேபோல், சமற்கிருத ‘நாம’த்திலிருந்து ஒனொமா பிறந்தது என்பதும் தவறு. இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து தனித்தனியே கிளைத்தவை. கடன் வாங்கியது நம் ‘நாமம்’ மட்டுமே.

பிளேட்டோவின் ‘கிராட்டிலஸ்’ உரையாடலை வேர்ச்சொல் அகராதியாகப் பயன்படுத்துவதும் பரவலான பழக்கம். ‘கண்டதை மேல்நோக்கி ஆராய்பவன்’ என்பதால் மனிதனுக்கு ‘ஆந்த்ரோபொஸ்’ என்ற பெயர் வந்தது என்று சாக்ரடீஸ் அதில் பிரித்துக் காட்டுகிறார். பெயர் இயற்கையால் பொருந்துவதா, வழக்கால் ஒட்டுவதா என்ற வாதத்தில் வரும் விளக்கம் அது. மொழியியல் அதை ஏற்பதில்லை. கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பதை உரையாடலில் வரும் ஹெர்மோகெனஸ் என்பவரிடம் கிராட்டிலஸ் என்பவர் சொன்னதாக வரும் கூற்று காட்டும்: ஊரே உன்னை ஹெர்மோகெனஸ் என்று அழைத்தாலும் அது உன் பெயர் அன்று. ஹெர்மெஸின் வழியில் பிறந்தவன் என்பது அப்பெயரின் பொருள்; ஹெர்மெஸோ ஆதாயத்தின் கடவுள், ஹெர்மோகெனஸ் கையிலோ காசு தங்குவதில்லை.

அடிக்கடி நேரும் பிழை, கிரேக்கருக்குக் குடும்பப்பெயர் இருந்ததாக எண்ணுவது. ஏதென்ஸ் குடிமகனின் முழுப்பெயர் அவன் பெயர், தந்தை பெயர், ‘டேமொஸ்’ எனும் ஊர்ப்பிரிவின் பெயர் என மூன்று பகுதிகள் கொண்டது. நாடுகடத்துவதற்கான வாக்கெடுப்பில் பெயர் கீறிய ஓட்டாஞ்சில்லுகள் ஏதென்ஸில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றில் பல ‘தெமிஸ்தொக்ளேஸ் நெயொக்ளெயொஸ்’ என்றிருக்கும். இரண்டாவது சொல் வேற்றுமையுருபு ஏற்ற தந்தையின் பெயர். ‘நெயொக்ளேஸின் மகன்’ என்று படிக்க வேண்டும். உருபை நீக்காமல் அதையே இரண்டாம் பெயராகத் தமிழில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தந்தை பெயரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் வைத்து எழுதும் தமிழர்க்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது என்பது என் கருத்து. ஊர்ப்பிரிவின் பெயரும் வசிப்பிட முகவரி அன்று. கி.மு. 508-07இல் கிளெய்ஸ்தெனஸ் செய்த சீர்திருத்தத்துக்குப் பின் அது தந்தைவழியே இறங்கியது. பேச்சாளர் டெமொஸ்தெனஸைப் பையானியா எனும் ஊர்ப்பிரிவைச் சேர்ந்தவர் என்றால் அவர் அங்கே குடியிருந்தார் என்று ஆகாது.

மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடுவது ஏதென்ஸ் வழக்கம். அதை வெறும் பாசம் என்று கடந்துபோவோர், மாண்டிதெயொஸ் என்பவருக்காக டெமொஸ்தெனஸ் எழுதிக்கொடுத்த வழக்குரையைப் படிக்க வேண்டும். பொயோட்டொஸ் என்ற, தாய் வேறான சகோதரர் ஊர்ப்பிரிவின் பதிவேட்டில் தம்மையும் மாண்டிதெயொஸ் என்றே பதிந்துகொண்டார். இருவருக்கும் தந்தை ஒருவரே, ஊர்ப்பிரிவும் ஒன்றே. ஆகவே மூன்று பகுதிகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிட்டன. குடவோலை போன்ற திருவுளச்சீட்டில் இப்பெயர் வந்தால் பதவி யாருக்கு, அபராதம் விதித்தால் கட்ட வேண்டியவர் யார் என்று வழக்குரை அடுக்கிக் கேட்கிறது. பத்தாம் நாள் பெயர்சூட்டு விழாவில் தந்தை எந்தப் பெயரை இட்டார் என்பதும் அங்கே சான்றாகிறது. பாட்டன் பெயர் யாருக்கு என்பது மூத்தவர் யார் என்ற உரிமைப்போராகவும் இருந்தது.

பெண்களின் பெயர் வழக்குரைகளில் அருகியே வருவதைக் கண்டு, அவை பதிவாகவே இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. மதிப்புக்குரிய, உயிரோடிருக்கும் பெண்ணை மன்றத்தில் பெயர் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்பதே நாகரிகம். கல்லறைக் கற்களில் அவர்களின் பெயர்கள் தாராளமாகவே உள்ளன.

‘எப்போனூமொஸ்’ என்ற சொல்லில் கவனிக்க வேண்டியது திசை. இன்னொன்றுக்குத் தன் பெயரைத் தந்தவரை அது குறிக்கும். முன்மொழிந்த 100 பெயர்களிலிருந்து டெல்ஃபி ஆலயத்துப் பூசாரிணி தேர்ந்த 10 தொன்ம வீரர்கள் ஏதென்ஸின் பத்துக் குலங்களுக்குப் பெயர் தந்தார்கள். ஆண்டுக்குப் பெயர் தந்த ‘ஆர்கோன்’ எனும் ஏதென்ஸ் ஆட்சி அதிகாரியையும் இவ்வாறே ‘எப்போனூமொஸ்’ என்கிறோம். ஆனால் அந்த அடைமொழி ரோமானியர் காலத்தில்தான் நிலைத்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைப் பற்றி எழுதும்போது ‘ஆர்கோன்’ என்று மட்டும் எழுதுவதே சரி.